தம்பிக்கு உடம்பு சரியில்லை

கீரையைத் தம்பி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பொடிப்பொடியாக நறுக்கிய கீரை. அதன்மேல் ஒரு சிட்டிகை சுண்ணாம்புச் சத்துப் பொடி. ஓரத்தில் அழகுக்காக ஒரு செம்பருத்தி இதழ். இத்தனையும் செய்து தட்டை முன்னால் வைத்துவிட்டு, நிதானம் தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஒரு வாய் சாப்பிடு ராஜா. எனக்காக ஒரே ஒரு வாய்.”

தம்பி கழுத்தை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, இனிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் அண்ணன் தன் பங்கைக் காலி செய்துவிட்டு, தம்பியின் தட்டில் முன்னங்காலை வைத்து ஏறத் தொடங்கியிருந்தான்.

அண்ணனும் தம்பியும் ஆமைக் குஞ்சுகள். ஆளுக்கு ஓர் உள்ளங்கை போதும். ஆணா பெண்ணா என்று தெரியவே இன்னும் பல வருஷம் ஆகும் என்று அவற்றை விற்ற பண்ணைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியும் நிதானத்தின் மனைவி கேட்கவில்லை. பெரிதாக இருந்ததை அண்ணன் என்றாள், சிறிதாக இருந்ததைத் தம்பி என்றாள், வழிநெடுக இருவரோடும் பேசிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அச்சகத்தில் வைத்த பெயர். அங்கே அவருக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒரு புள்ளியோ கொம்போ காலோ அவரை ஏமாற்றிவிட்டு அச்சுக்குப் போக முடியாது. ஆனால் அப்படிப் பார்த்துப் பார்த்து அவர் ஒரு பக்கம் முடிப்பதற்குள் மற்றவர்கள் புத்தகத்தை பைண்டிங்குக்கே அனுப்பிவிடுவார்கள். அவசரப்படுத்தினால், “நிதானமா பாக்கணும் சார்” என்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

மனைவி கணக்கு டீச்சர். வெளியூரில் ஏதோ பயிற்சி என்று ஒரு மாதத்துக்குக் கிளம்பினாள். குஞ்சுகளைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகத்தான் முதலில் ஏற்பாடு. அவளைக் குறை சொல்ல முடியாது. மணி பிளாண்ட் என்று ஒரு செடி உண்டு. தண்ணீர் ஊற்ற மறந்தாலும், வெளிச்சமே காட்டாவிட்டாலும் சாகாது என்பார்கள். நிதானத்தின் பொறுப்பில் அது செத்திருக்கிறது.

இருந்தாலும் நிதானத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் ஒருவன் வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அக்கா எதற்கு, அத்திம்பேர் எதற்கு என்று சண்டை போட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு விஷயத்திலாவது அவளிடம் சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் அவளும் அரை மனதாகச் சம்மதித்தாள்.

வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் தாடைக்குக் கீழே நிற்கும்படி ஊற்றித் தினம் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும், கீரையைப் பொடியாக நறுக்க வேண்டும், பொடி தூவ மறக்கக் கூடாது, குஞ்சுகளின் பெட்டிக்குள் விளக்கு பகல் முழுக்க எரிய வேண்டும் என்று வகுப்பில் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னாள். வெள்ளரிக்காயைப் பார்த்தால் ஏங்குவார்கள், கொடுத்துவிடாதீர்கள் என்பதை மூன்றாவது தடவையும் சொன்னாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எனக்கு ஒண்ணும் வாங்கி வெக்க வேணாம். நான் வரும்போது ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். அது போதும்.”

முதல் சில நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஒரு நாள் தம்பி கீரையில் கொஞ்சம் மிச்சம் வைத்தான். பாவம், வாய்க்கு ருசியாக ஒரு துண்டு தின்னட்டுமே என்று நிதானம் வெள்ளரிக்காயில் மெல்லியதாக ஒன்று சீவிப் போட்டார். தம்பி அதை முடித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் உருகி இன்னொன்று போட்டார். மறுநாள் கீரையோடு கலந்து வைத்தார். தம்பி வெள்ளரியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுக் கீரையை அப்படியே விட்டான். அவ்வளவு துல்லியமாகப் பிழை பொறுக்க அச்சகத்தில் ஆள் கிடையாது.

சரி, பழமாவது சாப்பிடட்டும் என்று தர்ப்பூசணி கொடுத்தார். அது தம்பியின் வயிற்றைக் கலக்கிவிட்டது. பெட்டியைக் கழுவ வேண்டியதாயிற்று. கழுவும்போது தண்ணீர் தெறித்து, எரிந்துகொண்டிருந்த விளக்கு ‘டப்’ என்று வெடித்தது. அதற்கும் அவர் அசரவில்லை. தெருமுனைக் கடைக்கு ஓடி, இருப்பதிலேயே பிரகாசமான பல்பாகப் பார்த்து வாங்கிவந்து மாட்டினார். பழையதைவிட இரண்டு மடங்கு வெளிச்சம் வந்ததில் அவருக்குப் பெருமைதான்.

இப்போது தம்பிக்குக் கீரையும் பிடிக்கவில்லை, வெள்ளரியும் பிடிக்கவில்லை, எதுவுமே பிடிக்கவில்லை.

கெஞ்சல் பலிக்காததால், குளிப்பாட்டினால் பசி எடுக்கும் என்று நினைத்து நிதானம் தம்பியைத் தூக்கினார். அப்போதுதான் கட்டைவிரலுக்கு அடியில் ஓடு கொஞ்சம் உள்ளே போய்விட்டு வந்தது. சந்தேகத்தில் இன்னொரு தடவை அமுக்கினார். காற்றுக் குறைந்த பந்துபோல் மெத்தென்று இருந்தது. அண்ணனைத் தூக்கி அமுக்கிப் பார்த்தார். அண்ணனுடையது கல்லாக இருந்தது. நிதானத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பிராணிகள் ஆஸ்பத்திரிக்கு போன் செய்தார். எடுத்த பெண் நாயா பூனையா என்று கேட்டாள். ஆமை என்றார். தங்கள் டாக்டர் ஓடு இருக்கிற எதையும் பார்ப்பதில்லை என்றும், அதற்கென்றே தனியாகப் பார்க்கிறவர்கள் இருப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி வைத்துவிட்டாள்.

விசாரிக்கலாம். ஆனால் யாரிடம்? அச்சகத்தில் ஆமை என்று வாயைத் திறந்தால் தீர்ந்தது. இருக்கிற வேகத்துக்கு அவரை நிதானம் என்று அழைப்பதே அவர்கள் காட்டுகிற மரியாதை. வீட்டில் இரண்டு ஆமை வளர்க்கிறார் என்று தெரிந்தால் ஓய்வு பெறுகிறவரை, ஏன், ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர்தான் நிலைக்கும். அதனால், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும், கம்ப்யூட்டரில் பக்கம் கட்டும் பெண்ணின் மேஜைக்குப் பக்கத்தில் போய், எதையோ தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டு, ஓட்டில் ஏதோ கோளாறு, நன்றாகப் பார்க்கிற ஆள் யாராவது உண்டா என்று பட்டும் படாமலும் கேட்டார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தன் போனில் ஒரு நம்பரைத் தேடிக் கொடுத்தாள்.

“எங்க சித்தப்பாவுக்கு இவர்தான் பாத்தாரு. ஓடுன்னா இவரை அடிச்சுக்க ஆள் இல்ல. கொஞ்சம் சிடுசிடுன்னு பேசுவாரு, கண்டுக்காதீங்கண்ணே.”

அக்காவின் சித்தப்பாவும் நம்மவர்தானா என்று நிதானம் வியந்தார். வெளியே மூச்சு விடாமல் எத்தனை பேர் வீட்டுக்குள் ஆமை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்க அவருக்குத் தெம்பு வந்தது.

சாப்பாட்டு வேளையில் மாடிப்படித் திருப்பத்தில் நின்று போன் செய்தார். மேலும் கீழும் ஆட்கள் போய்க்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மறுமுனையில் எதையோ தட்டுகிற சத்தமும், யாரையோ அதட்டுகிற சத்தமும் கேட்டன. ஆஸ்பத்திரியை விரிவாக்கிக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது, நல்ல கைராசிக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

“ஓடு பாக்கறவருங்களா?”

“ஆமா, சொல்லுங்க.”

“மெத்துனு இருக்குங்க. அமுக்கினா உள்ள போகுது.”

“வாங்கி எத்தனை நாளாச்சு?”

“நாலஞ்சு மாசம் இருக்கும்.”

“நாலஞ்சு மாசத்துலயேவா? அப்ப வாங்கின இடம் சரியில்ல.”

மொத்தம் எத்தனை என்று அவர் கேட்டார். இரண்டு, அதில் ஒன்றுக்குத்தான் கோளாறு என்றார் நிதானம். மறுமுனையில் ஒரு பெருமூச்சு வந்தது. தான் ஒரே இடத்தில் ஐநூறு, ஆயிரம் என்று பார்க்கிற ஆள் என்றும், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நேரில் வந்தால் கட்டுப்படியாகாது என்றும், வேண்டுமானால் யோசனை சொல்வதாகவும் சொன்னார். ஆயிரம் என்ற சொல்லைக் கேட்டு நிதானத்துக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பேர்ப்பட்டவர் தன்னோடு பேசுவதே பெரிது என்று தோன்றியது.

தட்டிப் பார்த்தீர்களா என்று அடுத்த கேள்வி வந்தது. தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டுமாம். பொத்தென்று வந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அர்த்தமாம். இது நிதானத்துக்கு உடனே விளங்கியது. சுண்ணாம்புச் சத்துப் பொடி என்றுதானே மனைவியும் சொன்னாள். அதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

“வெயில் நல்லா படுதா?”

“இல்லீங்க. உள்ளயேதான் இருக்கு. விளக்கு போட்டிருக்கேன்.”

“விளக்கா?” தட்டுகிறவர்களை அதட்டி நிறுத்திவிட்டு வந்தார். “ஏங்க, வெயில்ல கிடக்கறதுக்குத்தானே ஓடு? அதைக் கொண்டுபோய் உள்ள வெச்சு விளக்கு போடுவாங்களா? நல்லா வெயில்ல காய விடுங்க. சுண்ணாம்பு பூசுங்க. தண்ணி நிக்காம பாத்துக்கங்க. கொஞ்ச நாள்ல தெரிஞ்சுடும்.”

ஒரு ஜீவனின் வாழ்க்கையையே இரண்டு வரியில் சொல்லிவிட்டாரே என்று நிதானம் போனைக் கும்பிட்டார்.

மறுநாள் காலையில் வைத்தியம் தொடங்கியது. முதலில் காப்பிக் கரண்டியால் தம்பியின் முதுகில் மெல்லத் தட்டினார். பொத்தென்றது. அண்ணன் முதுகில் தட்டினார். டொக்கென்றது. கணீர் எங்கேயும் வரவில்லை. அது வளர்ந்த ஆமைக்கு வரும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். அடுத்து, பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தம்பியின் முதுகு முழுக்கப் பூசினார். மனைவி தூவச் சொல்லியிருந்தாள், டாக்டர் பூசச் சொல்லியிருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று கீரையிலும் தூவினார். அதன்பிறகு இரண்டு பேரையும் துணி துவைக்கும் தொட்டியில் வைத்து மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கட்டடத்தில் வெயில் என்று ஒன்று முழுசாகக் கிடைப்பது அங்கேதான். தொட்டியின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி குடை நிழலிலும் இருக்கும்படி வைத்துவிட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார்.

அன்றைக்கு மனைவி வீடியோவில் கூப்பிட்டாள்.

“தம்பி ஏன் வெள்ளையா இருக்கான்?”

“வெளிச்சம் அப்படி விழுது.”

“அண்ணன் மேல விழலையா?”

நிதானம் அசடு வழிந்துவிட்டு, சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். மறுநாள் கேள்வி வரக் கூடாது என்பதற்காக அண்ணனுக்கும் பூசினார். இரண்டும் வெள்ளையாகத் தெரிந்ததும் அவள் போனைத் துடைத்துவிட்டுப் பேசுங்கள் என்றாள். நிதானம் துடைத்தார். இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றாள். போன் பழசாகிவிட்டது என்றார். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் கணக்கு டீச்சர் என்பதை நிதானம் மறந்துவிட்டார்.

வெயில் இருக்கிற நேரமும் ஆபீஸ் நேரமும் ஒன்றாக இருந்ததுதான் அடுத்த சிக்கல். தொட்டியைத் தனியாக விட்டால் காக்கை கொத்தும். நிதானம் மேனேஜர் முன்னால் போய் நின்று, ஒரு வாரத்துக்குக் காலையில் தாமதமாக வர அனுமதி வேண்டும் என்றார். ஏன் என்று கேட்பார் என்பதை யோசித்திருக்கவில்லை. கேட்டதும் வாயில் நிஜமே வந்துவிட்டது.

“தம்பிக்கு உடம்பு சரியில்லைங்க.”

இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு தம்பி இருப்பதே தெரியாதே என்று மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன உடம்புக்கு என்று விசாரித்தார். முதுகு என்றார் நிதானம். நடக்கிறாரா? நடக்கிறான், மெதுவாக. சாப்பாடு? கீரை மட்டும், அதுவும் பொடியாக நறுக்கிக் கொடுத்தால். குளியல்? நான்தான் குளிப்பாட்டுகிறேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனாலும் மேனேஜரின் கண் கலங்குவதைப் பார்த்தபோது நிதானத்துக்குத் தான் ஏதோ பெரிய புளுகு புளுகிவிட்டதுபோல் கூச்சமாக இருந்தது. ஒரு வாரம் என்ன, தம்பி எழுந்து நடமாடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜர் அவர் தோளைத் தட்டினார்.

செய்தி அச்சகம் முழுக்கப் பரவியது. பக்கம் கட்டும் அக்கா எழுந்தே வந்துவிட்டாள்.

“ஒரு பக்கம் ஓட்டுத் தொல்லை, ஒரு பக்கம் தம்பிக்கு உடம்புக்கு முடியல. நீங்க ஒரு ஆளா எத்தனையத்தான் பாப்பீங்கண்ணே?”

இரண்டும் ஒரே தொல்லைதான் என்று சொல்ல முடியாமல் நிதானம் தலையை மட்டும் ஆட்டிவைத்தார்.

மொட்டைமாடியில் நாட்கள் அவ்வளவு சுலபமாகப் போய்விடவில்லை. ஒரு நாள் நிதானம் மடியில் மெய்ப்புத் தாளை வைத்துத் திருத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அண்ணன் தம்பியின் முதுகில் ஏறி, விளிம்பைப் பிடித்து, தொட்டியைவிட்டு வெளியேறிவிட்டான். ஆமை என்றால் மெதுவாகப் போகும் என்று நினைப்பவர்கள் ஆமை வளர்த்ததில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், குழாய்களுக்குப் பின்னால், உடைந்த நாற்காலிக்குக் கீழே என்று நிதானம் மண்டிபோட்டுத் தேடினார். கடைசியில் எதிர்வீட்டு அம்மா உலர்த்தியிருந்த கறுப்புப் போர்வை தரையில் நழுவிக் கிடந்ததைப் பார்த்தார். அதன்மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சின்னச் சின்ன வெள்ளைக் காலடிகள். காலடி முடிகிற இடத்தில் அண்ணன் போர்வையின் ஓரத்தைக் கடித்து ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.

போர்வையைத் துவைத்துக் கொடுக்க நிதானம் கீழே எடுத்துப் போனார். துவைக்கும் தொட்டியில்தான் குஞ்சுகள் இருந்தன. அவர்களைக் குளியலறையில் விட்டார். குளியலறையில் அண்ணன் சோப்பைக் கடித்தான். சோப்பைப் பிடுங்கி வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், போர்வை ஊறிய தண்ணீரில் சாயம் இறங்கியிருந்தது. அடுத்த நாள் எதிர்வீட்டு அம்மா, கொடுத்தது கறுப்புப் போர்வை, வந்தது வேறு ஏதோ நிறம் என்று மாடிப்படியில் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. வெயில் இதமாக இருந்த ஒரு காலையில், தம்பி கழுத்தை நீட்டி, செம்பருத்தி இதழை முகர்ந்து பார்த்து, ஒரு ஓரத்தைக் கடித்தான். மென்றான். இன்னொரு கடி கடித்தான். பிறகு தட்டில் இருந்த கீரையின் பக்கம் திரும்பி, இவ்வளவு நாள் இதை யார் இங்கே மறைத்து வைத்தது என்பதுபோல் இறங்கிவிட்டான். நிதானம் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் தோன்றாமல், தம்பி கடைசி இலையை முடிக்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்தச் சந்தோஷத்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று போன் செய்தார். அங்குதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஓடு எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். பரவாயில்லை, இன்னும் லேசாக அமுங்குகிறது என்றார் நிதானம்.

“இன்னும் அமுங்குதா? அப்ப எதுக்கு மெனக்கெடணும்? கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டிடலாம்.”

நிதானம் தம்பியின் ஓட்டைக் கையால் மூடிக்கொண்டார். “கழட்டினா... உள்ள இருக்கறதுக்கு ஏதாவது ஆயிடாதுங்களா?”

“அதுக்கு ஒண்ணும் ஆகாது. மேல ஒரு துணியைப் போட்டு மூடிட்டுக் கழட்டுவோம். ஒரு மணி நேர வேலை. எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான்.”

வேண்டாம் என்று நிதானம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டாக்டர் பிடிவாதக்காரர். போனில் பேசி ஆகாது என்றும், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வேறு வேலை இருப்பதால் நேரிலேயே வந்து பார்த்துவிடுவதாகவும், பிடித்துக்கொள்ள இரண்டு ஆளும் கூட வருவார்கள் என்றும் சொல்லி விலாசத்தைக் கேட்டார். இவ்வளவு பெரியவரிடம் முடியாது என்று சொல்ல நிதானத்துக்கு வாய் வரவில்லை. விலாசத்தைச் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். உள்ளங்கை அளவு இருக்கிற இந்தக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆளா என்று திகைத்தார்.

அன்றிலிருந்து அவர் போட்ட பாடு வேறு. ஞாயிற்றுக்கிழமைக்குள் தம்பியின் ஓடு கெட்டியாகிவிட வேண்டும். டாக்டர் வந்து தொட்டுப் பார்த்து, இதைக் கழட்ட வேண்டாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். வெயில் வரும் முன்பே மாடிக்குப் போனார், வெயில் போன பிறகுதான் இறங்கினார். வெளியில் கிடைத்த நல்ல கீரையெல்லாம் தம்பியின் தட்டுக்கு வந்தது. ஆபீஸுக்கு முழு லீவே போட்டுவிட்டார். போனை வீட்டில் வைத்துவிட்டு மாடியில் இருந்ததால் மனைவி கூப்பிட்டதெல்லாம் அவர் காதில் விழவில்லை.

இரண்டு மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு அவள் அச்சகத்துக்கு போன் செய்தாள். மேனேஜர்தான் எடுத்தார். மனுஷருக்கு இளகின மனசு. அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தம்பிக்கு இன்னும் குணமாகவில்லையாம், முதுகுதான் தொந்தரவாம், கீரை மட்டும் சாப்பிடுகிறாராம், நிதானம் கூடவே இருந்து குளிப்பாட்டி, வெயிலில் உட்காரவைத்து, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார், இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்ப்பார் என்று விலாவாரியாகச் சொன்னார். அச்சகத்தில் அத்தனை பேரும் வேறு விதமாகப் புரிந்துகொண்ட செய்தி, அவளுக்கு மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்டதும் மேனேஜர் உருகிப்போனார். கொழுந்தனுக்காக இப்படித் துடிக்கிற அண்ணியைத் தான் பார்த்ததே இல்லை என்று மற்றவர்களிடம் சொல்லி மாய்ந்துபோனாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு மணி அடித்தது. டாக்டர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார் என்று நிதானம் பயந்துகொண்டே திறந்தார். பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, பையும் கையுமாக மனைவி நின்றிருந்தாள்.

அவரைத் தாண்டி உள்ளே போனாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியின் முன்னால் மண்டிபோட்டுத் தம்பியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலை ஓட்டின்மேல் வைத்தாள். நிதானம் கண்ணை மூடிக்கொண்டார்.

“கெட்டியாத்தானே இருக்கு?”

நிதானம் கண்ணைத் திறந்தார். அவள் இன்னொரு தடவை அமுக்கினாள். அவரும் அமுக்கிப் பார்த்தார். ஓடு அசையவில்லை. தம்பி கழுத்தை நீட்டி, அவள் விரலைக் கீரை என்று நினைத்துக் கடிக்கப் பார்த்தான்.

அந்த ஒரு நொடியில் நிதானத்துக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. வெள்ளரிக்காயைச் சொன்னார். தர்ப்பூசணியைச் சொன்னார். வெடித்த விளக்கையும், வாங்கிவந்த பல்பையும், முதுகில் பூசியதையும், போர்வையையும் சொன்னார். தனக்குச் சபாஷ் வாங்க எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதையும் சொன்னார். திட்டு விழும் என்று காத்திருந்தார்.

அவள் பெட்டிக்குள் இருந்த பல்பை நிமிர்ந்து பார்த்தாள். “தப்பு என் மேலயும் இருக்கு. அது சாதா விளக்கு இல்லன்னு நான் சொல்லாம போயிட்டேன். வெயில்ல இருக்கற சத்து அதுல வரும். நீங்க மாட்டினதுல வெளிச்சம் மட்டும்தான் வரும். அதனாலதான் ஓடு மெத்துனு ஆயிருக்கு.” பிறகு அவர் பக்கம் திரும்பினாள். “வெயில்ல வெக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“டாக்டர்தான்.”

“சுண்ணாம்புச் சத்து குறையுதுன்னு?”

“அதுவும் அவர்தான். போன்லயே சொல்லிட்டாரு. ஆயிரக்கணக்குல பாத்தவரு.”

பார்க்காமலே, தொடாமலே, கேட்ட மாத்திரத்தில் நோயையும் சொல்லி மருந்தையும் சொன்ன மனுஷரை அவள் கேள்விப்பட்டதில்லை. அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு நம் தம்பி இல்லை என்றாள். பிறகு வெயிலில் கறுத்து, நுனி உரிந்துபோயிருந்த நிதானத்தின் மூக்கை விரலால் மெல்லத் தொட்டாள்.

“நீங்களும்தான்” என்றாள். “நீங்க இல்லாட்டியும் இவன் இல்ல.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நிதானம் வாங்கிய முதல் சபாஷ் அது. காப்பி போடட்டுமா என்று கேட்டார்.

டாக்டர் வருகிற நேரமாகிவிட்டது என்றதும் வீடு பரபரப்பானது. கழட்டுவதாகச் சொன்னதை நிதானம் பயத்தோடு எடுத்துச் சொன்னார். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் வெடுக்கென்று பேசுவார்கள், இப்போது கெட்டியாகிவிட்டதைப் பார்த்தால் அவரே சந்தோஷப்படுவார், நான் பேசிக்கொள்கிறேன் என்றாள் அவள். டாக்டருக்கும் கூட வருகிற இரண்டு பேருக்கும் நாற்காலி போட்டாள். மேஜையில் புதுத் துண்டு விரித்தாள். இரண்டு குஞ்சுகளையும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, துடைத்து, பளபளவென்று துண்டின் நடுவில் வைத்தாள். தானும் தலைசீவிக்கொண்டு வந்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நிதானம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

கீழ்வாசலிலிருந்து இன்டர்காம் அடித்தது. அவள் ஆவலோடு ஸ்பீக்கரைப் போட்டாள். வாட்ச்மேனின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“சார், ஓட்டுக்காரரு ரெண்டு ஆளோட ஏணியும் தூக்கிட்டு வந்து நிக்கறாரு, மொட்டைமாடி வெச்ச நம்ம பில்டிங்ல கூரை ஓடு எங்க இருக்குன்னு கேக்கறாரு, நான் என்ன சொல்லட்டும்?”